விசிலுக்கும் விசிலுக்கும் நடுவே ஒரு யுத்தம்

ஐம்பதைத் தாண்டியவன் எதையாவது ஆவலோடு எதிர்பார்க்கிறான் என்றால் அது பெரும்பாலும் ரத்தப் பரிசோதனை முடிவாக இருக்கும். நான் ஒரு வீடியோ கேமுக்காகக் காத்திருக்கிறேன். பேகம்பேட் அலுவலகத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைபேசியைச் சாய்த்துப் பிடித்து அதன் டிரெய்லரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் ஆள் வந்தால் பங்குச்சந்தைப் பக்கத்துக்குத் தாவிவிடுவேன். என் வயதில் பணத்தைத் தொலைப்பது கௌரவமான பொழுதுபோக்கு. விளையாடுவது அப்படியல்ல.

என் வேலையும் விளையாட்டுக்கு உகந்ததல்ல. ஜீடிமெட்லா பக்கத்து மருந்துக் கம்பெனிகளுக்காக, மாத்திரை டப்பாவுக்குள் பதினாறாக மடித்துச் செருகுகிறார்களே ஒரு காகிதம், அதை எழுதுகிறவன் நான். தலை சுற்றலாம், சுற்றாமலும் இருக்கலாம், எதற்கும் மருத்துவரை அணுகவும். இத்தனை வருடமாக எதையும் உறுதியாகச் சொல்லாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கியவன், நான்கு இரும்பு ராட்சதர்களுக்குத் தளபதியாக ஆசைப்படுகிறேன்.

ஆட்டம் இதுதான். மாடிவீட்டு உயரத்துக்கு இரும்பில் செய்த மனித உருவங்கள்; மெக் என்று பெயர். ஒவ்வொன்றின் நெஞ்சுக்குள்ளும் ஓர் ஆள் உட்கார்ந்து ஓட்டுகிறான். தோளில் பீரங்கி, கையில் லேசர். நம் பக்கம் நான்கு, எதிரியின் பக்கம் எப்போதும் நம்மைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனால் மற்ற சண்டை ஆட்டங்கள் மாதிரி விரல் நுனியில் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. ஆடுபுலி ஆட்டம் போல முறைவைத்து ஆடுவது. நம் டர்ன் முடியும்வரை எதிரி அசையமாட்டான். நாம் எழுந்துபோய் டீ போட்டுக் குடித்துவிட்டு, மின்சாரக் கட்டணம் பற்றி மனைவியோடு ஒரு சுற்றுப் பேசிவிட்டு வந்து உட்கார்ந்தாலும், தூக்கிய பீரங்கியைத் தூக்கியபடி நிற்பான். இவ்வளவு மரியாதை தெரிந்த விரோதி எனக்கு வெளியே வாய்த்ததில்லை.

இதன் முதல் பாகத்தை நான் அத்தானோடுதான் ஆடினேன். அத்தான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். ராமச்சந்திராபுரத்துக் கனரகத் தொழிற்சாலையில் டர்பைன் பகுதியில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலிசெய்ய வேண்டி வந்தபோது, கம்பெனி பஸ் போகிற சாலையைப் பார்த்தாற்போல ஒரு ஃப்ளாட் வாங்கினார். ஓய்வுபெற்ற பிறகும் காலையில் பால்கனியில் நின்று பஸ் நேரத்துக்கு வருகிறதா என்று கண்காணித்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை; அவராக எடுத்துக்கொண்ட பொறுப்பு.

பிறகு ஒரு பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஆபத்தில்லாமல் போனது. வலது கை சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. பேச்சு திரும்பி வந்தது, ஆனால் மாட்டுவண்டியில் வந்தது. சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, கீழே வைப்பார். புத்தியில் ஒரு குறையும் இல்லை, அதுதான் கஷ்டம். பார்க்க வருகிறவர்களுக்கு அந்த நிதானம் தாங்காது. அவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பார், முடிப்பதற்குள் இரண்டு பேர் ஆளுக்கொரு விதமாக முடித்துவைப்பார்கள். "த" என்பார். ஒருவர் தண்ணீர் கொண்டுவருவார், மற்றவர் தலையணையைச் சரிசெய்வார். ஒருமுறை எல்லோரும் போனபிறகு என்னிடம் அந்த வாக்கியத்தை முழுதாகச் சொன்னார்: "தயவுசெஞ்சு, எல்லாரும், வீட்டுக்குப் போங்க."

அப்புறம் அவர் பேசுவதையே குறைத்துக்கொண்டார். பயிற்சிக்கென்று கொடுத்த ரப்பர் பந்து கட்டிலுக்கடியில் உருண்டு போனது, எடுக்கச் சொல்லவில்லை. பால்கனிக்கும் போவதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். கம்பெனி பஸ் அனாதையாகப் போய்வந்துகொண்டிருந்தது.

அவரை எழுப்பி உட்காரவைத்தது இந்த ஆட்டம்தான். மருமகள் (அவர் மகள், வீட்டிலிருந்தபடியே ஐடி வேலை) தனக்கென்று வாங்கி ஹாலில் இருந்த கம்ப்யூட்டரில் போட்டுவைத்திருந்தாள். ஒருநாள் அவள் பாதியில் எழுந்துபோக, அத்தான் போய் உட்கார்ந்துவிட்டார். இடது கையால் மவுஸைத் தள்ளித் தள்ளி ஒரே ஒரு மெக்கை ஒரு குன்றின் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். இட்லிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையில் நடந்த ஒரே போர் நடவடிக்கை அது. எதிரி அதுவரை காத்திருந்தான். வாக்கியத்தை முடித்துவைக்கவில்லை.

அக்கா போனில் ரகசியக் குரலில் சொன்னாள்: "தம்பி, காலையிலேருந்து உக்காந்திருக்காரு. என்னமோ இரும்புச் சண்டை. நான் பக்கத்துலயே போவல, கலைஞ்சிரும்னு."

அந்த ஞாயிறே போனேன். அமீர்பேட்டில் மெட்ரோ, மியாப்பூரில் இறங்கி ஷேர் ஆட்டோ. அதன்பின் எல்லா ஞாயிறும். நான்கு மெக்கில் இரண்டு அவருக்கு, இரண்டு எனக்கு என்று பாகப்பிரிவினை செய்துகொண்டோம். தன் இரண்டையும் நகர்த்தி முடித்ததும் அவர் மவுஸை என் பக்கம் தள்ளி, "பஸ் வந்துட்டு" என்பார். தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிவதற்கு அவர்கள் சொல்கிற வழக்கமாம். பஸ் வந்துவிட்டால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு எழ வேண்டும். அடுத்த ஆள் பார்த்துக்கொள்வான். நானும் என் இரண்டை முடித்துவிட்டு "பஸ் வந்துட்டு அத்தான்" என்பேன். என் பஸ் எப்போதும் தாமதம்.

இந்த ஆட்டத்தில் சூடு என்று ஒன்று உண்டு. சுடச்சுட இயந்திரம் கொதிக்கும். அளவை மீறினால் அணைந்து மரம்போல நின்றுவிடும். ஒரு டர்ன் சுடாமல் சும்மா நின்றால் ஆறும். எனக்குச் சும்மா நிற்கத் தெரியாது. வெகுநேரம் யோசிப்பேன், யோசித்து முடித்ததும் யோசித்ததற்குச் சம்பந்தமில்லாமல் இருப்பதையெல்லாம் சுட்டுவிடுவேன்.

"மாப்ளே," என்பார் அத்தான், "எல்லாத்தையும் ஒண்ணா சுட்டுட்ட. இனிமே நீ சிலை. காக்கா வந்து உக்காரும்."

மருமகள் தன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வாள்: "மாமா, மீரு சால ஓவர்-திங்க் சேஸ்தாரு. லைட் தீஸ்கோண்டி." நாங்கள் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில்தான் பதில் சொல்வாள். அதிகம் யோசிக்கிறேன், லேசாக எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இதையே என் மருத்துவரும் சொல்கிறார், கூடுதல் செலவில்.

முதல் பாகத்தை நாங்கள் முடித்தோம். மறுபடி முடித்தோம். எதிரி எந்தப் பாறைக்குப் பின்னாலிருந்து வருவான் என்பது எங்களுக்கு உறவினர் பிறந்தநாள் மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் இரண்டாம் பாகம் வரப்போகிறது என்ற செய்தி வந்தது. கூடவே டிரெய்லர். அதை அத்தான் எத்தனை முறை பார்த்தார் என்று அக்காவிடம்தான் கேட்க வேண்டும். பின்னணி இசையைச் சமையலறையில் அவள் முனகத் தொடங்கியிருந்தாள். புது மெக் ஒன்றின் முழங்கால் மூட்டைப் பார்த்துவிட்டு அத்தான், "இந்த பேரிங்கு தாங்காது. டிசைன் பண்ணுனவன் கிரீஸே பாக்காதவன்" என்று தீர்ப்புச் சொன்னார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அது. கட்டிலுக்கடியிலிருந்து ரப்பர் பந்து வெளியே வந்தது. "ரெண்டாம் பாகம் வரதுக்குள்ள வலது கையையும் டூட்டிக்குக் கூப்பிடணும்" என்றார்.

இந்த நிலைமையில்தான் எனக்கு அந்தச் செய்தி கிடைத்தது. ஆட்டத்தை உருவாக்குகிறவர்களில் ஒருவர் ஒரு பேட்டியில் சொல்லியிருந்தார்: புதுப் பாகத்தில் ஒவ்வொரு டர்னுக்கும் கடிகாரம் உண்டு. நேரத்துக்குள் நகர்த்தாவிட்டால் முறை தானாக எதிரிக்குப் போய்விடும். பரபரப்பு கூடுமாம்.

மதியச் சாப்பாட்டு டப்பாவைப் பாதியில் மூடிவைத்தேன். உலகத்தில் அவருக்காகக் காத்திருந்தது ஒன்றே ஒன்று. அதற்கும் பொறுமை போய்விட்டதா? முதல் டர்னிலேயே கடிகாரம் அவர் கையிலிருந்து முறையைப் பிடுங்கி எதிரியிடம் கொடுக்கும். அத்தான் மவுஸை வைத்துவிட்டு எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். இந்த முறை அவரை எழுப்ப என்னிடம் என்ன இருக்கிறது? டப்பாவுக்குள் மடித்து வைத்த காகிதமா?

அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். எப்படிச் சொல்வது என்று பல விதமாக யோசித்தேன். எல்லாம் "அத்தான், தப்பா நினைக்காதீங்க" என்றுதான் ஆரம்பித்தது. கடிகாரத்தை அணைக்க வழி இருந்தால், "உங்களுக்காக அணைச்சிரவா அத்தான்?" என்று கேட்க வேண்டியிருக்கும். அந்த வாக்கியத்தையும் ஒத்திகை பார்த்தேன். எந்தக் குரலில் சொன்னாலும் தலையணையைச் சரிசெய்கிற குரலாகவே வந்தது. ஆட்டக்காரர்கள் கூடும் இணையத் தளத்தில், கடிகாரத்தை விருப்பத்துக்கு விடுங்கள் என்று நீண்ட விண்ணப்பம் ஒன்று எழுதிப்போட்டேன். வேகமாக யோசிக்கப் பழகு என்று ஒருவன் அறிவுரை சொன்னான். இன்னொருவன், தாத்தா, மாத்திரை போட்டாயா என்று கேட்டிருந்தான். போட்டிருந்தேன்.

ஆகவே வழக்கப்படி ஒன்றும் சொல்லாமல் இருந்தேன்.

அந்த நாட்களில்தான் அக்கா வீட்டில் சாதம் குழையத் தொடங்கியது. அக்காவின் குக்கர் சாதம் பருக்கை பருக்கையாக, ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி இருக்கும். ஒரு ஞாயிறு குழைந்திருந்தது. அடுத்த ஞாயிறும். மூன்றாவது ஞாயிறு அதைச் சாதம் என்று நிரூபிக்கச் சாட்சி தேவைப்பட்டது. அக்கா அதன்மேல் குழம்பை ஊற்றி மறைத்தாள். பக்கவிளைவுகளை எழுதியே பழகிய என் மூளை உடனே முடிவுக்கு வந்தது: அத்தானுக்கு விழுங்குவதில் சிரமம். என்னிடம் மறைக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது வாழைப்பழம், ரொட்டி, இளநீர் வழுக்கை என்று உலகத்தில் மெத்தென்று இருப்பவற்றையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனேன். அத்தான் பையை எட்டிப் பார்த்தார்.

"யாருக்கு மாப்ளே பல்லு போயிட்டு?"

"சும்மாதான் அத்தான். வழியில இருந்தது."

அதற்கடுத்த ஞாயிறு ஆட்டோ உடனே கிடைத்துவிட்டதால் வழக்கத்தைவிட முன்னதாகவே போய்விட்டேன். வெளிக் கதவு திறந்து, கம்பிக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. ஒரு செருப்பைக் கழற்றியிருப்பேன், உள்ளே குக்கர் விசில் அடித்தது. உடனே ஹாலிலிருந்து அத்தான் குரல்.

"தோத்துட்டேன். அணைக்காத. இன்னும் ஒண்ணு."

"இன்னும் ஒண்ணு வச்சா அது சாதம் இல்ல, களி," இது சமையலறையிலிருந்து அக்கா. "எனக்கு சமையல் மறந்து போச்சுன்னு நெனச்சு என் தம்பி ரொட்டியும் பழமுமா தூக்கிட்டு வாரான்."

"அவன்ட்ட சொல்லாத. கடியாரம் வருதுன்னு அவனுக்குத் தெரியாது."

"தெரிஞ்சா என்ன?"

"பயந்துருவான். ஒரு மெஷின நகத்த அரைநாள் யோசிக்கவன். பாவம்."

இணையம் ராமச்சந்திராபுரம் வரை வருவதில்லை என்று நான் நினைத்திருந்தேன். பேகம்பேட்டுக்குப் போவதில்லை என்று அவர் நினைத்திருக்கிறார். விஷயம் இதுதான்: புதுக் கடிகாரத்துக்கு அவர் பழகிக்கொண்டிருந்தார். ஒரு விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் நடுவே தன் இரண்டு மெக்கையும் நகர்த்திவிட வேண்டும். கைபேசியில் டைமர் வைக்கலாம், ஆனால் அதை அமுக்குவதற்கே அவருக்கு ஒரு டர்ன் போய்விடும். குக்கர் என்றால் அக்கா பார்த்துக்கொள்வாள். தவிர, எங்கிருந்தோ ஒரு ஊதல் கேட்டு அதற்கேற்ப வேலையை முடிப்பது அவருக்கு முப்பது வருடப் பழக்கம்.

ஒரு காலில் செருப்போடு நான் அங்கேயே நின்றேன். தன் கஷ்டத்தை என் தலையில் ஏற்றிப் பேசுகிறாரே, மனிதன் கௌரவத்தை எங்கெல்லாம் ஒளித்துவைக்க வேண்டியிருக்கிறது என்று மனம் கனத்தது. பெல் அடித்தால் டர்ன் கெட்டுப்போகும். எதிர்வீட்டுப் பெண்மணி வெளியே வந்து என்னையும் என் காலையும் பார்த்துவிட்டு உள்ளே போனார். மவுஸ் சத்தம் மெதுவாகக் கேட்டது. ஒரு கிளிக். வெகுநேரம் ஒன்றுமில்லை. இன்னொரு கிளிக். பிறகு, "பஸ் வந்துட்டு." அந்த ட்டு முடிந்தபோது விசில் அடித்தது.

பெல்லை அழுத்தினேன். அன்று களியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அக்கா என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

சில வாரங்களில் டெமோ வந்தது. முழு ஆட்டம் வருவதற்கு முன்னால், ஒரே ஒரு போரை மட்டும் ஆடிப்பார்க்கக் கொடுத்திருந்தார்கள். மருமகள் அதை இறக்கி வைத்திருந்தாள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எங்களுக்குப் பின்னால் நின்றாள். குக்கர் அடுப்பில் இல்லை. திரையின் மேலே ஒரு வெள்ளைக் கோடு, அதுதான் கடிகாரம். டர்ன் ஓட ஓட அது குறுகும்.

"அப்பா, செட்டிங்ஸ்லோ டைமர் ஆஃப் ஆப்ஷன் உந்தி," என்றாள் மருமகள். அணைக்க வழி இருக்கிறது. எனக்குள் ஒரு பெருமூச்சு புறப்பட்டது.

"நக்கோ," என்றார் அத்தான், வேண்டாம் என்பதை இந்த ஊர் உருதுவில். "மொதல்ல ஓடட்டும்."

கோடு குறுகத் தொடங்கியது. அவர் இடது கை மவுஸின் மேல் தட்டையாக, ஒரு பூனைமேல் வைத்ததுபோல இருந்தது. முதல் மெக்கைக் குன்றுக்குப் பின்னால் கொண்டுபோனார். திரையைப் பார்க்க முடியாமல் நான் அவர் வலது கையைப் பார்த்தேன். அது மடியில் ரப்பர் பந்தைப் பிடித்திருந்தது, அல்லது பந்து அதைப் பிடித்திருந்தது. இரண்டாவது மெக். சுட வேண்டாம் என்று முடிவுசெய்து மரங்களுக்குள் நிறுத்தினார். மவுஸ் என் பக்கம் வந்தது.

"பஸ் வந்துட்டு."

கோடு இன்னும் மிச்சமிருந்தது. நிறைய இல்லை, ஒரு விரல் அகலம். அக்கா என் தோளை அவசியத்துக்கு மேல் அழுத்தினாள்.

எனக்குக் கண்ணில் நீர் கட்டியது. அதோடுதான் என் டர்ன் ஆரம்பித்தது. இரண்டு மெக்குக்கு ஒரு கோடு என்று கணக்கு, அது மறுபடி முழுநீளமாகியிருந்தது. இடப்பக்கம் குன்று. வலப்பக்கம் ஆறு. ஆற்றில் நின்றால் சீக்கிரம் சூடு ஆறும். ஆனால் ஆற்றில் மறைவு இல்லை. குன்றேறினால் தூரத்து எதிரி தெரிவான். எதிரிக்கும் நான் தெரிவேன். புது மெக்கின் முழங்கால் வேறு, அத்தான் சொன்னபடி பலவீனமோ என்னவோ. கோடு சிவந்தது. ஆறு என்று தீர்மானித்தேன். தீர்மானித்த அதே நேரத்தில் திரை எதிரியின் பக்கம் போய்விட்டது. என் இரண்டு மெக்குகளும் மைதானத்தின் நடுவே, எதிரிக்கு முதுகைக் காட்டியபடி, பஸ்ஸைத் தவறவிட்டவர்கள்போல நின்றன. நின்றதற்குரியது கிடைத்தது.

அடுத்த சுற்றில் அத்தான் மறுபடி முடித்தார். நான் மறுபடி முடிக்கவில்லை.

"காக்காவ எங்க?" என்றாள் அக்கா.

"வரும்," என்றார் அத்தான்.

மூன்றாவது சுற்றில் பதற்றத்தில் எல்லாவற்றையும் சுட்டுத்தள்ளி, மிச்சமிருந்த ஒரே மெக்கைக் கொதிக்கவைத்து அணைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. அத்தான் நாற்காலியை என் பக்கம் கொஞ்சம் திருப்பினார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் துடைத்து வைத்துக் கேட்டார்:

"தப்பா நெனைக்காத மாப்ளே. கடியாரத்த, உனக்காக, அணைச்சிரவா?"

நான் ஒத்திகை பார்த்த வாக்கியம். என்னிடம் தலையணையைச் சரிசெய்கிற குரலாக வந்தது, அவரிடம் அப்படி வரவில்லை. அன்று வாசலில் கேட்டதை நினைத்துக்கொண்டேன். கௌரவத்தை எங்கும் அவர் ஒளித்துவைக்கவில்லை, எனக்காகத்தான் கவலைப்பட்டிருக்கிறார்.

"நக்கோ அத்தான்," என்றேன். "ஓடட்டும்."

முழு ஆட்டம் இன்னும் வரவில்லை. வெளியீடு மறுபடியும் தள்ளிப்போகிறதாம். இணையத்தில் எல்லோரும் கொதிக்கிறார்கள். என்னைத் தாத்தா என்றவன் பெரிய அநீதி நடந்துவிட்டதாக எழுதியிருக்கிறான். அத்தானிடம் போனில் சொன்னேன். "நல்லது," என்றார். "உனக்கு டைம் கெடச்சிட்டு."

இப்போது என் வீட்டிலும் சாதம் குழைகிறது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுக்கிறாள்: "இது எத்தனாவது விசில்? அணைக்கட்டுமா?"

"இன்னும் ஒண்ணு."